வேலைக்காக மதுரையில தங்குறவங்க எங்க சாப்பிடுறீங்க, எப்படிக் கட்டுப்படியாகுது?

சிவகாசி_லைன்
எல்லாருக்கும் வணக்கம். ஊர் கோயம்புத்தூர். அச்சு மெஷின் சர்வீஸ் வேலை. இப்போ கம்பெனி மதுரையில ரூம் போட்டு தெற்கு முழுக்கப் பாத்துக்கச் சொல்லிருச்சு. பெரும்பாலும் சிவகாசி, சில நாள் விருதுநகர், திண்டுக்கல், தேனி. தங்குறது பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜ்.

மதுரையில எது ஃபேமஸ்னு நான் கேக்கல. அதுக்கு வீடியோ ஆயிரம் இருக்கு. சுத்திப் பாக்க வந்தவன் ரெண்டு நாள் எதைச் சாப்பிட்டாலும் ஊருக்குப் போனா சரியாயிரும். மாசத்துல பாதி நாள் ஓட்டல் சோறு திங்கிறவனுக்கு அது ஆகாது. எனக்கு ஏற்கெனவே வயித்துல புண் இருக்கு. அதோட ஆபீஸ்ல ஜிஎஸ்டி பில் இருந்தாத்தான் காசு தருவோம்னு சொல்றாங்க. பில் குடுக்குற ஏசி ஓட்டல்ல நாலு நாள் சாப்பிட்டா அஞ்சாம் நாள் எரிச்சல் வந்துருது. வயித்துக்கு ஒத்துக்குற மெஸ்ல துண்டுச்சீட்டு கூடக் கிடைக்கல. நீங்கள்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?

மருந்துப்பை
வாங்க தம்பி. நான் மெடிக்கல் ரெப். இந்தச் சுத்து வட்டாரத்துலயே தலை நரைச்சவன். கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ருசியை விட நேரம்தான் பெரிய பிரச்சினை. எங்க தொழிலை எடுத்துக்கங்க. அண்ணா நகர், கே.கே. நகர் கிளினிக்ல கடைசிப் பேஷன்ட் போனதுக்கப்புறம்தான் ரெப்பைக் கூப்பிடுவாங்க. ராத்திரி பத்து, பத்தரை ஆயிரும். அந்நேரம் வெளிய வந்தா கண்ணுக்குத் தெரியுறது புரோட்டாக் கல்லுதான். தூங்கா நகரம்ங்கிறதுல பெருமை இருக்கு, நானும் பெருமைப்படுறேன். ஆனா பதினொன்னரைக்கு மைதாவும் சால்னாவும் உள்ள போட்டுட்டு உடனே படுக்குற வாழ்க்கையை வருசக்கணக்கா வாழ்ந்தவங்க எத்தனை பேர் நாப்பது வயசுக்குள்ளயே சுகர் மாத்திரைக்கு வந்துட்டாங்கன்னு எங்க கூட்டத்துல வந்து பாருங்க.

நான் மாத்திக்கிட்டது இதுதான். சாயங்காலம் ஆறு, ஆறரைக்கே ராச்சாப்பாட்டை முடிச்சிருவேன். இட்லியோ இடியாப்பமோ, கூடக் கொஞ்சம் சுண்டல். கிளினிக் முடிஞ்சு வந்தா ஒரு பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். உங்களுக்குப் புண் இருக்குன்னா இதையே பிடிங்க.

சுகர் மாத்திரை போடுறவங்க, குறிப்பா கிளிமிப்ரைடு வகையோ இன்சுலினோ எடுக்குறவங்க, இதை மட்டும் மறக்காதீங்க. சாப்பாடு எதிர்ல வர்ற வரைக்கும் மாத்திரையைத் தொடாதீங்க. “இதோ முடிஞ்சிரும்”னு நினைச்சு மாத்திரையைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தா சுகர் தடார்னு இறங்கிரும். வேர்த்து, கை நடுங்கி, கிளினிக் வாசல்லயே உக்காந்த ஆளை நான் பாத்திருக்கேன். சட்டைப் பையில குளுக்கோஸோ நாலு கல்கண்டோ எப்பவும் இருக்கணும்.

மத்தியானம் மெஸ்தான். இலை போட்டதும் முதல் வார்த்தை “சோறு கொஞ்சம்ணே”. கூட்டு, பொரியல் ரெண்டு தடவை கேளுங்க, முகம் சுளிக்காமப் போடுவாங்க. நல்ல மெஸ்ஸைக் கண்டுபிடிக்க எங்கிட்ட ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கு. ரெண்டரை மணிக்குப் போய் நின்னா “தீர்ந்துருச்சுங்க”ன்னு சொல்ற கடை நல்ல கடை. எல்லா நேரமும் எல்லாமும் இருக்குன்னு சொல்ற கடையில நேத்து வச்சதும் இருக்கும்.

சிம்மக்கல்_பங்காளி
மருந்துப்பை அண்ணே சொன்னதை ஒத்துக்கிறேன். அதுக்காகப் பாவம் அந்தத் தம்பியை மதுரையில உக்கார வச்சு இட்லி, பால்பழத்தோட அனுப்பிரலாமா? வயிறு நல்லா இருக்குற நாளும் வரும்ல.

வாரத்துல ஒரு நாள் வச்சுக்கங்க. அதுவும் பகல்ல. சிம்மக்கல் கோனார் மெஸ் கறிதோசை தெரியாம மதுரையில இருக்கக் கூடாது. கல்லுல கனமா மாவு ஊத்தி, மேல முட்டை, அதுக்கு மேல ஏற்கெனவே வெந்த ஆட்டுக்கறி, அப்புறம் திருப்பிப் போட்டு எடுப்பாங்க. ஒன்னு ஒரு ஆளுக்குத் தாராளம். பக்கத்து மேசையைப் பாத்து ரெண்டாவது சொல்லிராதீங்க.

அழகர்கோவில் ரோட்டுல அம்மா மெஸ். அயிரை மீன் குழம்பு சாப்பிட்டுப் பாருங்க. விரல் அளவு கூட இல்லாத மீன். உயிரோட வாங்கி, பால் கலந்த தண்ணியில விட்டு, வயித்துல இருக்குற மண்ணைக் கக்க வச்ச பிறகுதான் குழம்புல போடுவாங்க. அந்த வேலைக்குத்தான் விலை. கம்மாயில தண்ணி இல்லாத காலத்துல மீனும் கிடைக்காது, விலையும் ஏறும். கோயம்புத்தூர்ல இது உங்களுக்குக் கிடைக்காது தம்பி.

சாயங்காலத்துல தெருவோரம் முள்ளுமுருங்கை வடை போடுறாங்க. பருத்திப்பால் விக்கிறாங்க. பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து வெல்லமோ கருப்பட்டியோ, சுக்கு, ஏலம் போட்டுக் காய்ச்சுறது. புண் இருக்குற வயித்துக்கு டீயை விட இது எவ்வளவோ தேவலை. ஜிகர்தண்டா விளக்குத்தூண்ல. வேலை முடிஞ்ச நாள் குடிங்க, வேலைக்குப் போற வழியில வேணாம்.

சிவகாசி_லைன்
ரெண்டு அண்ணனுக்கும் நன்றி. பருத்திப்பால் நேத்தே குடிச்சேன், ஒத்துக்கிச்சு. ஆறரைக்குச் சாப்பிடுறது சிவகாசி போற நாள்ல நடக்காது. பிரஸ்ல மெஷின் நின்னுட்டா ஓட விட்டுட்டுத்தான் வர முடியும். மத்த நாள் செஞ்சு பாக்குறேன். பில் விசயம் யாராச்சும் சொல்லுங்க.

பற்றுவரவு
நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். இந்த “ஜிஎஸ்டி பில் கொண்டா”ங்கிற பிடிவாதம் பல கம்பெனியில விவரம் தெரியாம நடக்குது. அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

சாதாரண ஓட்டல் சாப்பாட்டுக்கு வரி 5 சதவீதம். பில்லுல இரண்டரை, இரண்டரைன்னு ரெண்டாப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. 2017 நவம்பர் 15-லிருந்து ஏசி இருந்தாலும் இல்லாட்டாலும் இதே வீதம்தான். பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள்ள இருக்குற ரெஸ்டாரன்ட் வேற கணக்கு, அதை விடுங்க.

நீங்க அந்த வரியைக் கட்டி பில் வாங்கிட்டுப் போனா கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்குமா? எடுக்க முடியாது. சிஜிஎஸ்டி, அதாவது மத்திய ஜிஎஸ்டி, சட்டம் 17(5) பிரிவுல உணவையும் பானத்தையும் உள்ளீட்டு வரி வரவுல சேர்க்கக் கூடாதுன்னு தடுத்து வச்சிருக்கு. உங்க கம்பெனியே சாப்பாட்டுத் தொழில்ல இருந்தாலோ, ஊழியருக்குச் சாப்பாடு போட்டே ஆகணும்னு ஏதாவது சட்டம் சொன்னாலோதான் விலக்கு. அச்சு மெஷின் கம்பெனிக்கு ஒரு பைசா வராது. அப்போ அந்த பில் எதுக்கு? செலவு நடந்துச்சுங்கிறதுக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அந்த அத்தாட்சியை வேற வழியிலயும் காட்டலாம்.

சின்ன மெஸ் பில்லுல ஜிஎஸ்டி எண் இல்லாதது திருட்டுத்தனமும் இல்ல. வருச விற்றுமுதல் 20 லட்சத்துக்குள்ள இருந்தா அவங்க பதிவு பண்ணவே தேவையில்ல. அதுக்கு மேல போறவங்களும் பல பேர் காம்பொசிஷன்ங்கிற, சின்னக் கடைகளுக்கான எளிய வரித் திட்டத்துல இருப்பாங்க. அவங்க தன் கையிலிருந்துதான் வரி கட்டணும், உங்ககிட்ட தனியா வசூலிக்கக் கூடாது. அந்த விவரத்தை பில்லுலயே போட்டிருக்கணும். அப்படிப் போட்டுட்டு அடியில 5 சதவீதம் சேர்த்திருந்தா கேள்வி கேளுங்க.

பெரிய ஓட்டல்ல சர்வீஸ் சார்ஜ்னு ஒரு தொகை தானாச் சேர்ந்திருக்கும். அதைக் கட்டுறது நம்ம விருப்பம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லிருச்சு, 2025 மார்ச்சுல தில்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதி பண்ணிருச்சு. எடுக்க மறுத்தா நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம்.

உங்க ஆபீஸ்ல கேக்க வேண்டியது நாள்படி. வெளியூர் நாளுக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை, பில் இல்லாம. குறைச்சுச் சாப்பிட்டாலும் கூடச் சாப்பிட்டாலும் அது ஊழியர் பாடு. கணக்குப் பிரிவுக்கும் பேப்பர் மிச்சம்.

நிர்வாகத்_தரப்பு
> உங்க ஆபீஸ்ல கேக்க வேண்டியது நாள்படி.

நான் ஒரு கம்பெனியில கிளை மேலாளர். பில் கேக்குறதுக்குப் பின்னாடி காரணம் இருக்கு. பில் புக்கை மொத்தமா வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்த இடத்துல எழுதிக் குடுத்தவங்களையும் நாங்க பாத்திருக்கோம். நாள்படின்னு குடுத்தா சில பேர் சாப்பிடாமக் காசை மிச்சம் பிடிச்சு வீட்டுக்கு அனுப்புறாங்க. சின்னப் பையங்க, வீட்டுல கஷ்டம், புரியுது. ஆனா மத்தியானம் ஒரு டீ, ஒரு பன்னோட வேலை பாத்து மயங்கி விழுந்தா பொறுப்பு யாருது?

மருந்துப்பை
ஐயா, சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிச்சு வீட்டுக்கு அனுப்புற நிலைமையில ஒரு பையன் இருக்கான்னா, அதைச் சம்பளத்துல சரி பண்ணணும். பில் கேட்டா சரியாகாது. பில் கேட்டா அவன் ஏசி ஓட்டல்ல சாப்பிட்டவன்கிட்ட பில்லை வாங்கிக் குடுப்பான், வயிறு காயுறது காயத்தான் செய்யும்.

நிர்வாகத்_தரப்பு
அந்தக் கோணத்துல நான் யோசிக்கல. ஒத்துக்கிறேன். எங்க கிளையில யுபிஐ ரசீதை ஏத்துக்கலாம்னு மேலிடத்துக்கு எழுதிப் பாக்குறேன்.

தணிக்கைக்காரி
இவ்வளவு நேரமா ஒரு பொம்பளை கூடப் பேசல, அதனால வந்தேன். வங்கிக் கிளைத் தணிக்கைக்காக மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்னு போறவ. தனியாத்தான் போவேன், தனியாத்தான் சாப்பிடுவேன்.

சாப்பாடு எங்களுக்கு ரெண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை கழிவறை. சின்ன ஊர் மெஸ்ல பெண்களுக்குன்னு ஒன்னு இருக்காது. இருந்தாலும் கொல்லைப்பக்கம், கதவுல தாழ்ப்பாள் இல்லாம. அதனால என்ன நடக்குது? காலையிலிருந்து தண்ணியே குடிக்காம இருக்கோம். ரசம், மோர் கூட வேணாம்னு ஒதுக்குறோம். மதுரை வெயில்ல இப்படி நாள் முழுக்க இருந்தா நீர்க்கடுப்பு வரும், சிறுநீர்த் தொற்று வரும். என்னோட வேலை பாக்குற பிள்ளைங்க ஒவ்வொருத்தியும் இதுக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கா. “நல்ல மெஸ் எது”ன்னு ஆம்பளைங்க கேக்குறாங்க. நாங்க “எந்தக் கடையில கழிவறை உண்டு”ன்னு கேட்டுக்கிட்டுப் போறோம். நான் போற பாதையில அப்படி இருக்குற கடைகளைக் குறிச்சு வச்சு எங்க குழுவுல பகிர்ந்திருக்கேன். சாப்பாடு சுமாரா இருந்தாலும் அங்கேதான் போவேன். நெடுஞ்சாலையில பெட்ரோல் பங்க் கழிவறையைக் காசில்லாமப் பயன்படுத்த நமக்கு உரிமை உண்டு, பெட்ரோல் போட்டாத்தான்னு கிடையாது. பூட்டியிருந்தா சாவியைக் கேளுங்க. கூச்சப்பட வேணாம்.

அடுத்தது பார்வை. மெஸ்ல எதிர் இலையில தெரியாத ஆள் உக்காருறது வழக்கம்தான், தப்பில்ல. “தனியாவா வந்தீங்க, வீட்டுக்காரர் வரலையா”ன்னு பரிமாறுறவரே கேக்குறப்போதான் சோறு இறங்காது. இதை நான் நேராச் சொல்லிருவேன், “அண்ணே, வேலைக்கு வந்திருக்கேன், சாப்பிட்டுக்கிறேன்.” அதோட நின்னுரும். பெரும்பாலும் கெட்ட எண்ணத்துல கேக்குறதில்ல. ஆனாலும் கடைக்காரங்க பழகிக்கணும், தனியாச் சாப்பிடுற பொம்பளைங்க இனி கூடத்தான் செய்வாங்க.

ராத்திரிக்கு டவுன்ஹால் ரோடு, கோயிலைச் சுத்தின வீதிகள் தேவலை. வெளியூர் யாத்ரீகர்கள், குடும்பம் குட்டியா நடமாட்டம் இருந்துக்கிட்டே இருக்கும். காலேஜ் ஹவுஸ் காபி, மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம் ரெண்டும் எனக்குப் பிடிக்கும். அங்க தனியா உக்காந்து நிதானமா ஒரு காபி குடிக்கிற அரை மணி நேரம், நாள் முழுக்க லெட்ஜர் பாத்த கண்ணுக்குப் பெரிய ஆறுதல்.

சிம்மக்கல்_பங்காளி
அக்கா, அந்தக் கடைப் பட்டியலை இங்க போட முடியுமா? எங்க வீட்டுலயும் தங்கச்சி புதுசா ஃபீல்டு வேலைக்குச் சேர்ந்திருக்கு.

தணிக்கைக்காரி
தனிமடல்ல அனுப்பிட்டேன் தம்பி. பொதுவுல போட்டா “இந்தக் கடையில இல்லை”ன்னு மத்த கடைக்காரங்க சண்டைக்கு வருவாங்க. தங்கச்சிகிட்ட தண்ணி குடிக்கிறதை மட்டும் நிறுத்தாதன்னு சொல்லுங்க.

ஸ்டியரிங்_மாரி
சார், நான் கால் டாக்சி ஓட்டுறேன். ஊர் வாடிப்பட்டிப் பக்கம். ஆபீசர்களைக் கூட்டிக்கிட்டு ராமநாதபுரம், தேனி, திருநெல்வேலி வரைக்கும் போறது.

நீங்க எல்லாரும் சாப்பிடுற இடத்தைப் பேசுறீங்க. கூட வர்ற டிரைவர் எங்க சாப்பிடுறான்னு ஒருத்தர் கூடக் கேக்கலையே. பேட்டா குடுக்குறாங்க, உண்மைதான். ஆனா வண்டியை நிறுத்துற இடம் உங்க இஷ்டம். நீங்க இறங்குற ஏசி ஓட்டல்ல எங்க பேட்டாவுக்கு ஒரு காபியும் வடையும்தான் வரும். பக்கத்துல வேற கடையும் இருக்காது. நாங்க வண்டிக்குள்ளயே உக்காந்திருப்போம். நீங்க சாப்பிட்டு வந்ததும் “கிளம்பலாமா”ம்பீங்க.

நல்லவங்களும் இருக்காங்க. “மாரி, நீ சாப்பிடுற கடைக்கு விடு”ன்னு சொல்லி, ஒரே மேசையில உக்கார வச்சுச் சாப்பிடுறவங்க. அவங்களுக்குச் சாப்பாடும் நல்லாக் கிடைக்கும் சார். எந்தக் கடையில எண்ணெய் மாத்துறான், எங்க கறி புதுசுன்னு ரோட்டுல கெடக்குற எங்களுக்குத் தெரியாதா? நாலு வழிச்சாலையில பஸ் நிக்கிற பெரிய மோட்டல்கள்ல டிரைவர், கண்டக்டருக்குச் சாப்பாடு இலவசமாப் போட்டுட்டு அதைப் பயணிகள் தலையில வைப்பாங்க. அங்க நிறுத்தச் சொல்லாதீங்க.

மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் டிரைவருக்கு ஒரு இருபது நிமிசம் கண்ணசர நேரம் குடுங்க. வயிறு நிறைஞ்ச உடனே கப்பலூர் தாண்டி நேர் ரோட்டுல ஏறினா கண்ணைச் சொருகும். உங்க உசிரும் அதே வண்டியிலதான் இருக்கு.

சிவகாசி_லைன்
மாரி அண்ணே, இது மனசுல நின்னுருச்சு. நான் பெரும்பாலும் பஸ்ல போறவன், ஆனா உதிரிபாகம் கொண்டு போற நாள் வண்டி எடுப்போம். இனி டிரைவர் சொல்ற கடைதான். விருதுநகர் வழியாப் போறப்ப எங்க நிறுத்துவீங்க?

ஸ்டியரிங்_மாரி
பர்மா கடை பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க சார். எண்ணெய் புரோட்டா. கல்லுல குழிவா எண்ணெய் கட்டி அதுல பொரிச்செடுத்து, மொறுமொறுன்னு நொறுக்கி, தண்ணியா ஒரு சால்னா ஊத்திக் குடுப்பாங்க. உங்களுக்குப் புண்ணுன்னு சொன்னீங்க, அதனால வேணாம். பாக்க மட்டும் செய்யுங்க. சித்திரை, வைகாசி வெயில்ல ரோட்டோரம் கம்மங்கூழ், கேப்பைக்கூழ் விக்கிறவங்க நிப்பாங்க. மோர் மிளகாயை ஒதுக்கிட்டு சின்ன வெங்காயத்தோட ஒரு சொம்பு குடிங்க. மத்தியானம் வரைக்கும் தாங்கும், வயித்தையும் குளுத்தும்.

மெஸ்காரவீட்டுப்பையன்
ரெண்டு நாளாப் படிச்சிட்டிருக்கேன். எங்க சித்தி சின்னதா மெஸ் நடத்துறாங்க. ஒரே ஹால், சுவரோரமா ரெண்டு வரிசை மேசை. அந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கேளுங்க.

விடியக்காலை நாலு மணிக்குச் சித்தப்பா மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கிளம்பிருவாரு. காய் விலையைப் பாத்துத்தான் அன்னைக்கு என்ன கூட்டு, என்ன பொரியல்னு முடிவாகும். அதனாலதான் எங்க கடையில மெனு கார்டு கிடையாது. முகூர்த்த நாள் வந்தா வாழையிலை விலை ஏறிரும், அன்னைக்கு மட்டும் இலையைக் கொஞ்சம் சின்னதா நறுக்குவோம். 19 கிலோ சிலிண்டர் விலை ஏறுனா அந்த மாசம் எங்களுக்குக் கையில நிக்காது, ஆனா சாப்பாட்டு விலையை உடனே ஏத்த முடியாது. வழக்கமா வர்றவங்க முகத்தைப் பாத்து “அஞ்சு ரூபா கூட”ன்னு சொல்லச் சித்திக்கு வாய் வராது.

அந்த வழக்கமா வர்றவங்கதான் எங்க பலமே. ரெப், கோர்ட்டுக்கு வர்ற வக்கீல் குமாஸ்தா, பேங்க்காரங்க. அவங்க பதினொரு மணிக்குள்ள ஒரு போன் பண்ணி “இன்னைக்கு மூணு பேர்”னு சொன்னா உலையில அரிசி சரியா விழும். வீணாகாது. புண்ணு இருக்குன்னு சொன்னா குழம்புல காரம் சேர்க்குறதுக்கு முன்னாடியே ஒரு கிண்ணம் பருப்பு எடுத்து வச்சிருவாங்க. இது எந்த மெனு கார்டுலயும் வராது. தொடர்ந்து ஒரே கடைக்குப் போனாத்தான் இந்தக் கவனிப்பு கிடைக்கும். தினம் ஒரு புதுக் கடை தேடுறவங்களுக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான்.

பில் கேட்டா குடுப்போம். அச்சடிச்ச புத்தகம் இருக்கு, தேதி, பேர், தொகை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவோம். யாரும் கேக்குறதில்ல, அதனால கல்லாவுக்கு அடியில கிடக்கு. அந்தப் பில்லுல உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம் இருக்கும். உங்க ஆபீஸுக்கு அது போதாதா?

பார்சல் வாங்குறவங்க தயவு செஞ்சு டப்பா கொண்டு வாங்க. 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கு. ஆனாலும் கொதிக்கிற சாம்பாரைப் பையில ஊத்தித் தரச் சொல்லி இன்னும் கேக்குறாங்க. சித்தி தர மாட்டாங்க, அதுக்காக வாடிக்கையை இழந்தாலும் சரின்னு நிக்கிறாங்க.

பற்றுவரவு
> தேதி, பேர், தொகை எழுதிக் கையெழுத்தும்

இது தாராளமாப் போதும். கூட யுபிஐ ரசீது இருந்தா எந்தத் தணிக்கையிலயும் நிக்கும். சிவகாசி_லைன், ஆபீஸுக்கு எழுத இப்படி ஒரு வரைவு போட்டிருக்கேன், வேணும்னா மாத்திக்கங்க:

“வெளியூர்ப் பணி நாள்களில் உணவுச் செலவுக்கு ஜிஎஸ்டி பில் கேட்கப்படுகிறது. உணவுக்குச் செலுத்தும் வரிக்கு சிஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5)-ன்படி நிறுவனத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. ஆகவே சாதாரண ரசீது அல்லது யுபிஐ பணப் பரிமாற்றச் சான்றுடன் கூடிய வவுச்சரை ஏற்குமாறும், இயன்றால் நாள் ஒன்றுக்கு நிர்ணயித்த தொகையாக வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். உடல்நலக் காரணமாகக் காரம், எண்ணெய் குறைந்த உணவையே நான் உண்ண வேண்டியுள்ளது. அத்தகைய உணவு சிறு மெஸ்களிலேயே கிடைக்கிறது.”

டாக்டர் சீட்டு நகல் இருந்தா இணைச்சிருங்க.

சிவகாசி_லைன்
ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு ராத்திரியே அனுப்பிடுறேன், பதில் வந்ததும் இங்க போடுறேன். மெஸ்காரவீட்டுத் தம்பி, சித்தி கடை எங்க இருக்குன்னு தனிமடல்ல சொல்லுங்க. திங்கள்லிருந்து வியாழன் வரைக்கும் மத்தியானம் ஒரு இலை எனக்கு.

மெஸ்காரவீட்டுப்பையன்
அனுப்பிட்டேன் அண்ணே. பொங்கலுக்கு மட்டும் ஒரு வாரம் அடைப்பு, பரிமாறுற பையங்க எல்லாம் ஊருக்குப் போயிருவாங்க. அந்த வாரம் வேலை இருந்தா முன்னாடியே சொல்லுங்க, வீட்டுல சமைக்கிறதுல உங்களுக்கும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்றேன்.